இல்லாத கால்

ஜூலை 3, புதன்

எஸ்தர் சொன்னதால் எழுதுகிறேன். வலி எப்போது வருகிறது, எந்த மாதிரி வருகிறது, என்ன செய்தால் குறைகிறது, எல்லாவற்றையும் நோட்டில் குறித்து வைக்க வேண்டுமாம். அவள் பிசியோதெரபிஸ்ட். என் காலை ஆட்டி அசைக்க வீட்டுக்கு வரும் பெண். "கண்டதை எழுது, நினைத்ததை எழுதாதே" என்று ஆய்வகத்தில் பிள்ளைகளை விரட்டியவள் நான். இப்போது என் முறை.

கண்டது: இடது கால், முழங்காலுக்குக் கீழே இல்லை. போன மாதம் எடுத்துவிட்டார்கள்.

வலிக்கிற இடம்: இடது பாதம்.

பெண்கள் கல்லூரியில் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்ற உலகம்மைக்கு இப்படி ஒரு வாக்கியம் எழுத வேண்டி வந்திருக்கிறது. வந்த கதையும் சிரிப்பாய்ச் சிரிக்கும். என் தம்பி பிரமநாயகம் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் சைவ சித்தாந்த வகுப்பு எடுக்கிறான். ஒருநாளாவது வந்து கேள் என்று நச்சரித்தான். கத்திரி வெயிலில், உச்சி நேரத்தில், செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போனேன். பிராகாரத்தில் எல்லாரும் காலை மாற்றி மாற்றித் துள்ளி ஓட, நான் மட்டும் மகாராணி மாதிரி நடந்தேன். சர்க்கரை வியாதி என் பாதங்களின் உணர்வை எப்போதோ தின்றுவிட்டிருந்தது. சாயங்காலம் பார்த்தால் இடது உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். அது உடைந்து புண்ணாகி, ஆறாமல் அழுகி மேலே ஏறிவிட்டது. கருங்கல் வெப்பத்தை எப்படிப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று வருஷா வருஷம் பாடம் நடத்தியவளுக்கு இது தேவைதான்.

இருந்தபோது கொதிக்கிற கல்லைக்கூடச் சொல்லாத கால், போன பிறகு ஓயாமல் பேசுகிறது.

ஜூலை 4, வியாழன்

மத்தியானம் அரிப்பு. இல்லாத குதிகாலில். தாங்க முடியவில்லை. சௌந்தரம் (தம்பி மனைவி, அடுத்த வீடு) கேழ்வரகுக் கூழ் கொண்டுவந்தவள், நான் படுகிற பாட்டைப் பார்த்து, "எங்க மதினி அரிக்கி, காட்டுங்க" என்றாள். கட்டிலில் வெறும் விரிப்பைக் காட்டினேன். அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து அந்த விரிப்பைப் பரபரவென்று சொறிந்தாள். அரிப்பு நின்றுவிட்டது.

பார்க்கிறவர்கள் இருவருக்கும் கீழ்ப்பாக்கத்துக்கு டிக்கெட் எடுத்திருப்பார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் காரணம் கேட்கவில்லை, விளக்கம் கேட்கவில்லை, அரித்தது என்றேன், சொறிந்தாள். இப்படி ஒரு நாத்தனாருக்கு இப்படி ஒருத்தி வாய்த்ததற்கு நான் எந்தக் கணக்கில் நன்றி எழுதுவது?

ஜூலை 6, சனி

சாயங்காலம் வழக்கம்போல் தம்பி வந்தான். காபி குடித்துவிட்டு வழக்கை ஆரம்பித்தோம். உலகம் உண்மையா என்ற எங்கள் வழக்கு, அவன் பேங்க் வேலையில் சேர்ந்த காலத்திலிருந்து வாய்தா வாங்கிக்கொண்டே போகிறது.

வெளியாட்கள் நினைப்பது, அவன் மாயை என்பான், நான் மேஜையைத் தட்டிக் காட்டுவேன் என்று. நடப்பது நேர் எதிர். சித்தாந்தியான அவனுக்கு உலகம் உள்ள பொருள். மறையும், வேறு உருவம் எடுக்கும், ஆனால் ஒன்றுமில்லாமல் போகாது. நான்தான் அணுவைப் பிளந்து பார்த்தால் பெரும்பாலும் வெற்றிடம் என்கிறவள். அளந்து பார்க்கும்வரை ஒரு துகள் இந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லவே வழியில்லை என்கிறவள். மேஜையைத் தட்டுகிறவன் அவன்.

"உலகம் பொய்னு சொல்லுதவங்களோட நாங்க காலங்காலமா மல்லுக்கு நிக்கோம். நீ லேபுக்குள்ள இருந்துக்கிட்டு அதையே சொல்லுதியே யக்கா" என்று சிரித்தான்.

பிறகு கேட்டான், அப்படியானால் உன் கால் இருக்கிறதா இல்லையா. கால் இல்லை, மூளைக்குள் காலுக்கென்று ஒதுக்கிய இடம் இன்னும் காலியாகவில்லை என்றேன். வீட்டை இடித்த பிறகும் பழைய விலாசத்துக்குத் தபால் வருகிற மாதிரி. அவனுக்கு அந்த உதாரணம் பிடித்துவிட்டது. அவன் பங்குக்குப் பளிங்கைச் சொன்னான். பளிங்கு எந்தப் பூவின் பக்கத்தில் இருக்கிறதோ அந்த நிறமாகத் தெரியும், உயிரும் எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகிவிடும், அறுபது வருஷம் காலைச் சார்ந்த உயிர் ஒரு மாதத்தில் மறக்குமா என்றான். நல்ல உதாரணம்தான். ஆனால் அளக்க முடியாது என்றேன். சண்டை போட்டதில் வலி தெரியவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

இன்று வலியின் வகை பிடிபட்டது. எரிச்சல் ஒன்று, அது வந்து வந்து போகிறது. இன்னொன்று போவதே இல்லை: விரல்களை யாரோ சேர்த்து வைத்து இறுக்கிக் கட்டியிருப்பது போல. பெருவிரலைத் தனியாக விலக்க வேண்டும் என்று உயிரே தவிக்கிறது. விலக்க முடியவில்லை. விலக்குவதற்கு விரல் இல்லை.

தம்பியிடம் இதைச் சொன்னேன். அவன் காபியைக் குடிக்காமல் டம்ளரைக் கீழே வைத்தான். "கட்டுன மாதிரியா?" என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றேன். ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்து போய்விட்டான். ஆடை படிந்த காபி அப்படியே கிடந்தது.

ஜூலை 10, புதன்

தம்பி வரவில்லை. விரல்கள் அப்படியே.

ஜூலை 12, வெள்ளி

சௌந்தரம் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் கொண்டுவந்தாள். தம்பி எங்கே என்று நான் கேட்கவில்லை. வேலை இருக்கும். எனக்கும் ஆயிரம் வேலை இருக்கிறது. குற்றாலத்தில் சாரல் விழுகிறதாம், இங்கேயும் காற்று நன்றாக இருக்கிறது. சாயங்காலம் இரண்டு பேருக்குக் காபி போட்டுவிட்டேன், பழக்கதோஷம்.

ஜூலை 15, திங்கள்

எஸ்தர் ஒரு நிலைக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கட்டிலில் என் இரண்டு தொடைகளுக்கும் நடுவே அதை நிறுத்தினாள். குறைந்த கால் கண்ணாடிக்குப் பின்னால் மறைந்துவிட்டது. வலது கால் முன்னால். கண்ணாடிக்குள் பார்த்தால் அங்கே என் இடது கால்.

ஒளிப் பிரதிபலிப்பு. ஆறாம் வகுப்புப் பாடம். தெரிந்துதான் பார்த்தேன். இருந்தும் பெற்ற பிள்ளையைத் திருவிழாவில் தொலைத்துக் கண்டுபிடித்தவள் மாதிரி அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வலது பாதத்தை மேலும் கீழும் மெதுவாக ஆட்டச் சொன்னாள். கண்ணாடிக்குள் இடது பாதம் ஆடியது. மூளை கண்ணைத்தான் முதலில் நம்பும், மேடம், கால் நல்லா இருக்குன்னு அதுக்குப் படம் காட்டுறோம் என்றாள். பொய்ப்படம் காட்டி வலியைக் குறைக்கிறோம். வலியோ மெய். கொஞ்ச நேரத்தில் எரிச்சல் பாதியாகக் குறைந்தது. இது நினைத்தது அல்ல, கண்டது.

விரல் கட்டு மட்டும் அசையவில்லை.

தம்பியிடம் இதை உடனே சொல்ல வேண்டும் என்று வாய் துறுதுறுத்தது. அவனுக்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது.

ஜூலை 18, வியாழன்

எஸ்தர் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். செயற்கைக் கால் பொருத்தினால் என் எடை முழுவதும் வெட்டிய முனையில் இறங்கும். இந்த வலியோடு அதைப் போட்டால் ஒரு வாரத்தில் கழற்றி மூலையில் வைத்துவிடுவேன், அவள் பார்த்த பலரும் அப்படித்தான் செய்தார்களாம். மாத்திரையைக் கூட்டலாம். ஏற்கெனவே மாத்திரையில் பாதி நாள் தூங்கிவழிகிறேன். கூட்டினால் காலும் இருக்காது, தலையும் இருக்காது.

நடக்க வேண்டும். அடுத்த வீடு வரைக்குமாவது. யாரும் வராவிட்டால் நானே போய்க் கேட்கலாமே.

ஜூலை 21, ஞாயிறு

சௌந்தரம் வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அவர் இன்று வகுப்புக்குப் போகவில்லையாம். இருபது வருஷத்தில் முதல் தடவை. காலையில் எங்கேயோ போய்விட்டு வேட்டி முழுக்க ஆற்று மண்ணோடு வந்து, படுத்துவிட்டாராம். "எங்கிட்டயும் ஒண்ணும் சொல்ல மாட்டுக்காவ மதினி. நீங்க கேட்டாச் சொல்லுவாவ."

என்னை வெயிலில் வகுப்புக்குக் கூப்பிட்டதை நினைத்து மருகுகிறான் போலிருக்கிறது. கூப்பிட்டது அவன். நடந்தது என் கால். இதைப் பல தடவை சொல்லிவிட்டேன். நாளைக்கு வரச்சொல்லி அனுப்பியிருக்கிறேன். வராவிட்டால் அக்கா தவழ்ந்து வருவாள் என்று சொல்லச் சொன்னேன்.

ஜூலை 22, திங்கள்

வந்தான். தாடி வளர்ந்திருக்கிறது. நாற்காலியில் உட்காராமல் நின்றான். அவன் சொன்னதை அவன் சொன்னபடியே எழுதுகிறேன்.

"ஆஸ்பத்திரில கேட்டு வாங்குனேன்க்கா. துணில சுத்தி எங்கையில குடுத்தாவ. பச்சப்பிள்ளயத் தூக்குத கனம் இருந்துச்சு. ஆத்தங்கரைக்குக் கொண்டுபோனேன். குழி வெட்டுதவரு ஆம்பளப் பிள்ளயா பொம்பளப் பிள்ளயான்னு கேட்டாரு. எங்கக்கா காலுன்னு சொன்னேன். சும்மா குழில போட மனசு வரல. கழுவித் திருநீறு பூசினேன். காலக் கட்டணும்லா, கட்டுததுக்கு இன்னொரு கால் இல்லயே. அதான் பெருவிரலையும் அடுத்த விரலையும் சேத்து வெள்ளத் துணியால கட்டிட்டேன்."

பிறகு சொன்னான்:

"குழில எறக்கும்போ கட்ட அவுத்துவிடணும். எத்தன சாவுல நானே நின்னு சொல்லிருக்கேன். அன்னைக்கு மொகத்தத் திருப்பிக்கிட்டு அழுதுட்டு நின்னேன். திரும்பிப் பாத்தா மண்ணத் தள்ளியாச்சு. அவுக்காமலே போச்சுக்கா."

நான் விரல் கட்டு என்று சொன்ன நாளிலிருந்து அவன் தூங்கவில்லை. நேற்று ஆற்றங்கரைக்குப் போய் அந்த இடத்தைத் தேடியிருக்கிறான், தோண்டி அவிழ்த்துவிட. பக்கத்தில் புதுக்குழிகள் வந்து, மழையும் பெய்து, எது என்று தெரியவில்லை. கையாலேயே ஓரிடத்தில் தோண்டிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். உடம்பு உயிர் கழற்றிப் போடும் சட்டை என்று மண்டபத்தில் ஊருக்குப் பாடம் சொல்கிறவன்.

எனக்குச் சொல்லத் தோன்றியது ஒன்றுதான். "ஏலே, கல்யாணங்கிற கால்கட்டே வேண்டாம்னு இருந்தவளுக்கு நீ கட்டிவிட்டியாக்கும்." அவன் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

இதை நிதானமாக எழுத வேண்டும்.

எஸ்தரிடம் கேட்டேன். கால் போனவர்களில் நிறையப் பேர் இப்படித்தான் சொல்வார்களாம். விரல் மடங்கிக்கொண்டது, நகம் குத்துகிறது, கட்டிப் போட்டிருக்கிறது. விரலை அசை என்று மூளை கட்டளை அனுப்புகிறது, அசைந்தேன் என்று பதில் வருவதில்லை, அதனால் கட்டப்பட்டிருக்கிறது என்று முடிவு செய்துகொள்கிறது. ஆற்றங்கரைக் கட்டுக்கும் என் வலிக்கும் சம்பந்தம் வேண்டியதில்லை. தற்செயல்.

இதைத் தம்பிக்குச் சொல்லி அனுப்பினால் தலையை ஆட்டுவான். ஆனால் தேறமாட்டான். அவனும் ஒரு கட்டளை அனுப்பிக்கொண்டே இருக்கிறான், அவிழ் என்று. அவிழ்ந்தேன் என்று அவனுக்கும் பதில் வரவில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். என் கால் ஆஸ்பத்திரிக் குப்பையோடு எரிந்திருக்கும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். கேட்கவும் கூச்சமாக இருந்தது. அதை ஒருவன் பிள்ளை மாதிரி தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். கழுவியிருக்கிறான். எனக்கு முன்னால் போன என் காலுக்கு அழுதிருக்கிறான். செத்த பிறகு நமக்கு யார் என்ன செய்வார்கள் என்று எவருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்துவிட்டது. படுத்தபடி வெகுநேரம் அழுதேன், துக்கத்தில் அல்ல.

நாளைக்கு ஒரு பரிசோதனை செய்யப்போகிறேன்.

ஜூலை 24, புதன்

எஸ்தர் கண்ணாடியை நிறுத்தினாள். தம்பியை என் காலடியில் உட்காரச் சொன்னேன். சௌந்தரம் பழைய வெள்ளை வேட்டியிலிருந்து ஒரு பட்டை கிழித்துக் கொடுத்தாள். என் வலது காலைக் காட்டி, "அன்னைக்குக் கட்டுன மாதிரியே கட்டு" என்றேன்.

அவன் மாட்டேன் என்றான். உயிரோடு இருக்கிற உடம்பில் அந்தக் கட்டைப் போடக்கூடாது, அபசகுனம் என்றான். சௌந்தரமும் வாயைப் பொத்திக்கொண்டாள். சகுனத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ கட்டு என்றேன். எஸ்தர் சர்க்கரைக் கால் என்று பயந்து, தன் விரலை உள்ளே விட்டுத் தளர்வாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே முடிச்சுப் போட விட்டாள். வலது காலில் துணி பட்டது எனக்குத் தெரியவே இல்லை. அதில் உணர்வு ஏது.

கண்ணாடிக்குள் பார்த்தேன். என் இடது கால். பெருவிரலும் அடுத்த விரலும் வெள்ளைத் துணியில் சேர்த்துக் கட்டியபடி. இத்தனை வாரமாக நான் வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தேன். இல்லாத விரல்களில் இறுக்கம் கூடியது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"இப்ப கண்ணாடியப் பாத்துக்கிட்டே அவுத்துவிடு" என்றேன்.

கண்ணாடியைப் பார்த்து அவிழ்ப்பதால் அவன் கை இடம் வலமாகத் தடுமாறியது. முடிச்சு இறுகிவிடுமோ என்று எஸ்தர் முன்னால் வந்தாள், வேண்டாம் என்று தடுத்தேன். அவன் உதடு ஏதோ முணுமுணுத்தது, பஞ்சாட்சரமாக இருக்கும். நுனியைக் கண்டுபிடித்து இழுத்தான். துணி தளர்ந்து விழுந்தது. விரல்களை விரித்தேன். கண்ணாடிக்குள் இடது பெருவிரல் தனியாக விலகியது.

கண்ணாடிக்குப் பின்னாலும் விலகியது.

வெகுநேரம் சம்மணம் போட்டுவிட்டுக் காலை நீட்டும்போது இரத்தம் ஓடுமே, அப்படிக் கதகதவென்று ஏதோ ஓடியது. ஓடுவதற்கு இடமில்லாத இடத்தில்.

"விட்டுச்சாக்கா?"

"விட்டுட்டுலே. அவுந்துட்டு."

அவன் என் வலது பாதத்தைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் முகத்தை வைத்து அழுதான். அவன் கண்ணீர் சுட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியாது, அந்தக் கால் சொல்லாது. தலையைத் தடவிக்கொடுத்தேன். நரைத்துவிட்டது பயலுக்கு.

ஜூலை 25, வியாழன்

கட்டு போனது போனதுதான். எரிச்சல் கொஞ்சம் இருக்கிறது. கண்ணாடிப் பயிற்சி தினமும் செய்ய வேண்டும்.

அவிழாமல் இருந்திருந்தாலும் அவிழ்ந்தது என்றுதான் அவனிடம் சொல்லியிருப்பேன். கண்டதை மட்டும் எழுதுகிற நோட்டில் இதையும் எழுதிவைக்கிறேன்.

சாயங்காலம் முகச்சவரம் செய்துகொண்டு வந்தான். வழக்கு மறுபடி தொடங்கியது. கனவில் புலி துரத்தினாலும் நிஜத்தில்தானே விழித்துக்கொள்கிறோம், பொய்ப்புலி மெய்த்தூக்கத்தைக் கலைக்கிறதே, கண்ணாடிக் காலும் அப்படித்தான் என்று அவன் ஜெயித்த முகத்தோடு சொன்னான். கண் அனுப்பிய செய்தி மூளையின் பழைய கணக்கைத் திருத்திவிட்டது, புலியும் இல்லை பூனையும் இல்லை என்றேன். உலகம் உள்ளதென்று வாதாடியவன், இல்லாத காலின் கட்டை அவிழ்த்துவிட்டு வந்து என்னிடம் புலிக்கதை சொல்கிறாய் என்றும் சொன்னேன். அப்படியானால் வெற்றிடம் வெற்றிடம் என்கிறவள் எதற்காக அழுதாய் என்றான். எஸ்தர் நடுவில் புகுந்து, ரெண்டு பேரும் சண்டையை நிறுத்திட்டு காலை ஆட்டுங்க மேடம் என்றாள்.

காபியை அவன் ஆற விடவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மாத்திரை பாதியாகக் குறைந்தது. செயற்கைக் காலுக்கு அளவெடுத்துப் போனார்கள். சௌந்தரம் இப்போதும் அவ்வப்போது விரிப்பைச் சொறிந்துவிடுகிறாள். அதற்குக் கண்ணாடி எதுவும் தேவைப்படவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

புதுக்கால் வந்துவிட்டது. முனையில் உரசுகிறது, பொறுக்கலாம். கைத்தடியோடு வாசல்படி இறங்கி அடுத்த வீட்டுக்குப் போனேன். தம்பி பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். "காபி கிடைக்குமா?" என்று கேட்டேன். பேப்பரைப் போட்டுவிட்டு எழுந்து நின்றான். காபி போட்டது சௌந்தரம்தான்.

அக்டோபர் 6, ஞாயிறு

நவராத்திரி. தம்பி வகுப்புக்குப் போனேன். இந்தத் தடவை பொழுது சாய்ந்த பிறகு. எஸ்தர் ஏகப்பட்ட நிபந்தனை போட்டிருந்தாள். வலது காலுக்குத் தடித்த காலுறை, வெயிலில் கூடாது, பக்கத்தில் ஆள் இல்லாமல் கூடாது.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். மே மாதம் நடந்த அதே பிராகாரம். எனக்குச் சட்டென்று பயமாகிவிட்டது. தம்பி எனக்கு முன்னால் குனிந்து, கல்மேல் உள்ளங்கையை விரித்து வைத்துப் பார்த்தான். அடுத்த கல்லிலும் வைத்துப் பார்த்தான். வகுப்புக்கு வந்தவர்கள், ஐயா எதையோ தேடுகிறார் என்று நினைத்து நின்றுவிட்டார்கள். அவன் நிமிர்ந்து, "வாக்கா, ஆறிட்டு" என்றான்.

கால் வைத்தேன். வலது கால், இருக்கிற கால், வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. இடது கால்தான், ஆற்றங்கரையில் கிடக்கிற கால், பெருவிரலை நன்றாக விரித்து ஊன்றிக்கொண்டு, கல் குளிர்ந்திருக்கிறது என்று சொன்னது. நின்று அதைக் கேட்டேன். தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு மண்டபம் வரை நடந்தேன்.